பிள்ளைகளின் மலச்சிக்கலும் சந்தைக் கொய்யாவும்: தெரியுமா உங்களுக்கு?

இலங்கையில் 10 முதல் 16 வயது வரையான பாடசாலைப் பிள்ளைகளில் நூற்றுக்கு 15 பேருக்கு மலச்சிக்கல் இருக்கிறது, தெரியுமா? ஷமன் ராஜிந்திரஜித், நிரங்கா தேவநாராயண முதலிய மருத்துவ ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட கணக்கு இது. முக்கி முக்கி அழும் பிள்ளை உங்கள் வீட்டில் மட்டும் இல்லை!

இதற்குக் கைகொடுக்கும் நார்ச்சத்தை நம் குடலால் செரிக்கவே முடியாது, தெரியுமா? அதுதான் அதன் பலமே! செரியாமல் பெருங்குடல் வரை போய், தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குகிறது. ஒரு பகுதி அங்குள்ள நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. அவை பெருகப் பெருக மலமும் பருத்து மென்மையாகி, சுலபமாக வெளியேறுகிறது.

உகண்டாவில் பிள்ளைகளைத் தாக்கிய ஒரு புற்றுநோயை அடையாளம் கண்ட டெனிஸ் பர்கிட்தான் உலகை நார்ச்சத்தின் பக்கம் திருப்பியவர், தெரியுமா? நார் நிறைந்த உணவை உண்ட ஆபிரிக்கக் கிராமத்தவருக்கு ஏறத்தாழ ஒன்றரை நாளில் வெளியேறிய உணவு, பிரித்தானியக் கடற்படையினரின் குடலைக் கடக்க மூன்று நாளுக்கு மேல் எடுத்ததாம்! 1972இல் அவர் குழு வெளியிட்ட வியப்பு இது.

பிள்ளைக்கு எவ்வளவு நார் வேண்டும்? 3 வயதுக்கு மேல் கணக்கு மிகச் சுலபம்: வயதோடு 5ஐக் கூட்டுங்கள்! 5 வயதுப் பிள்ளைக்கு நாளுக்குக் குறைந்தது 10 கிராம்.

அதில் பாதியை ஒரே ஒரு கொய்யாப்பழம் தந்துவிடும், தெரியுமா? 100 கிராம் கொய்யாவில் 5 கிராமுக்கு மேல் நார்! அதிக விலை கொடுத்து வாங்கும் அப்பிளில் அதில் பாதிகூட இல்லை. வெள்ளவத்தைச் சந்தையிலும் கொட்டாஞ்சேனைத் தெருவோரத்திலும் கொய்யா கண்ணில் பட்டால் விடாதீர்கள்!

100 கிராம் வெள்ளைச் சோற்றில் அரை கிராம் நார்கூடத் தேறாது. அதே அளவு சமைக்காத குரக்கன் மாவிலோ ஏறத்தாழ 11 கிராம்! காலையில் பாணுக்குப் பதில் குரக்கன் புட்டு, மத்தியானம் பொன்னாங்காணி வறை, வல்லாரைச் சம்பல், பின்னேரம் அவித்த கடலை அல்லது பாசிப்பயறு. தட்டு நிறைய நார்! சின்னஞ்சிறுசுகளுக்குக் கடலையை மசித்தே கொடுங்கள், முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கிவிடும்.

தண்ணீர் குறைந்தால் நாரே சிக்கலைக் கூட்டிவிடும், தெரியுமா? கொழும்பு வெயிலில் வியர்த்து வரும் பிள்ளைக்குத் தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். நாரையும் ஒரே நாளில் அள்ளிக் கொட்டாதீர்கள், வயிறு ஊதும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பாலிலேயே வயிற்றை நிரப்பினால் சோறு கறிக்கு இடமிருக்காது, அதையும் கவனியுங்கள்.

சாப்பிட்டவுடன் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும், தெரியுமா? மலம் கழிக்க அருமையான நேரம் அது! பாடசாலை வான் வரும் அவசரத்தில் அதைத் தவறவிடுகிறோம். பத்து நிமிடம் முந்தி எழுப்பி, காலை உணவுக்குப் பின், காலடியில் ஒரு சிறு பலகை வைத்து உட்காரவையுங்கள்.

உள்ளாடையில் தண்ணீராகக் கசிந்தால் வயிற்றோட்டம் என்று நினைக்கிறீர்களா? இறுகிக் கிடக்கும் மலத்தின் பக்கமாக வழிவதாகவும் இருக்கலாம்! வலிக்குப் பயந்து அடக்க அடக்க மலம் இறுகும், குடல் விரியும், உணர்வே மங்கும். அந்தப் பிள்ளையை அடிக்கவோ ஏசவோ வேண்டாம். அது வேண்டுமென்று செய்வதல்ல.

அப்படி இறுகிய பிறகு உணவு மட்டும் போதாது. மலமிளக்கி மருந்தும் வேண்டும், அதை வைத்தியர் சொல்லும் காலம் வரை நிறுத்தக்கூடாது. வாந்தி, வயிற்று வீக்கம், மலத்தில் இரத்தம், எடை குறைதல், பிறந்த முதல் மாதத்திலேயே சிக்கல் என்றால் ஒரு நாளும் தாமதிக்காமல் காட்டுங்கள். பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்.

அம்மாமாரே, அப்பாமாரே! இன்று சந்தைக்குப் போகையில் ஒரு கட்டுக் கீரையும் நாலு கொய்யாவும் கட்டாயம் வாங்குங்கள்!