முட்டி நோகாமல் அரைமண்டி

தாய்மார்களே! ஸ்ரீ கெம்பாங்கானிலும் சுற்றுவட்டாரத்திலும் சலங்கை கட்ட ஆசைப்படும் பிள்ளைகள் ஏராளம். உங்கள் மகளும் பரதம் பழகுகிறாளா? வகுப்பு முடிந்து வந்து, "அம்மா, முட்டி வலிக்குது" என்று அவள் சொன்னால், தைலம் தேய்த்துவிட்டு மறந்துவிடாதீர்கள். காரணம் அவள் நிற்கும் விதத்தில் இருக்கலாம்.

பரதத்தின் அஸ்திவாரம் அரைமண்டி. பாதங்களைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்கால்களை மடித்து, முதுகு நிமிர்ந்து நிற்கும் நிலை அது. மேல்நாட்டு பாலே நடனத்திலும் கால்களை இப்படி வெளிப்புறமாகத் திருப்புவார்கள். காஜாங்கில் பிறந்த ரம்லி இப்ராஹிம் இரண்டையும் கற்றவர். ஆஸ்திரேலியாவில் பாலே ஆடினார். அடையாறு லட்சுமணனிடம் பரதம் பயின்றார். 1983-இல் கோலாலம்பூரில் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கினார். எந்த நடனமானாலும் உடம்பின் சட்டம் ஒன்றுதான்.

கால் எங்கிருந்து திரும்ப வேண்டும்? பாதத்திலிருந்து அல்ல, இடுப்பிலிருந்து! தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் குழிக்குள் ஆட்டுரல் குழவிபோல் சுழலக்கூடியது. முழங்காலோ கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும், முறுக்கினால் தாங்காது. இடுப்பு திரும்பாமல் பாதத்தை மட்டும் திருப்பினால், அந்த முறுக்கு முழுவதும் முட்டியில் இறங்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். மகளை அரைமண்டியில் நிற்கச் சொல்லி, எதிரே நில்லுங்கள். முழங்காலும் பாதத்தின் நடுவிரலும் ஒரே திசையைக் காட்ட வேண்டும். முழங்கால் உட்பக்கம் சாய்ந்தால், பாதத்தை அளவுக்கு மீறித் திருப்பியிருக்கிறாள் என்று பொருள். கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். இடுப்பு பின்னால் தள்ளாமலும் இருக்க வேண்டும்.

எல்லாருக்கும் இடுப்புக்குழி ஒரே மாதிரி அமைவதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காட்டி, உங்கள் பிள்ளையின் தொடையை அழுத்தாதீர்கள். எலும்பின் அமைப்பை அழுத்தி மாற்ற முடியாது. ஆனால் தசையை வலுவாக்கலாம். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடித்து, குதிகால்கள் சேர்ந்திருக்க, மேல் முழங்காலை மட்டும் மெல்ல உயர்த்தி இறக்கட்டும். இடுப்பு பின்னால் சாயக்கூடாது. பக்கத்துக்கு 10 முறை போதும்.

வலி நீடித்தாலோ, முட்டி வீங்கினாலோ ஆட்டத்தை நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள். ஆசிரியரிடமும் தயங்காமல் சொல்லுங்கள். மண்டி சற்று உயரமாக இருந்தாலும் குறைவில்லை. சலங்கை பல காலம் ஒலிக்க வேண்டுமே!