கணக்குக் காட்டாதவருக்கு ஓலை இல்லை!

உத்திரமேரூருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று நிலைகளில் பெருமாள் காட்சி தரும் சுந்தரவரதர் கோயிலுக்குத்தான் போகிறார்கள். பேருந்து நிலையத்துப் பக்கம் இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயில் அளவில் சிறியது. ஆனால், பாடப்புத்தகத்தில் நாம் படித்த குடவோலைக் கல்வெட்டு இருப்பது இங்கேதான்.

பல்லவர் காலத்தில் உருவான இந்தப் பிரம்மதேய ஊரின் சபை கூடிய மண்டபம் இது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், சபை எடுத்த தீர்மானங்களை இதன் கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தக் காலத்தில் கோயில் என்பது சாமி கும்பிட மட்டுமல்ல. ஊரின் பதிவேடும் அதுதான்.

ஊருக்கு 30 குடும்புகள். இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். ஊரார் எல்லோரும் பார்க்கக் குடத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். விவரம் தெரியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை ஒளித்து மாற்றிவிடக் கூடாதே! இப்படித் தேர்வான 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள்.

சொந்த மனையில் வீடு, வரி கட்டும் கால் வேலி நிலம், வேதக் கல்வி எல்லாம் வேண்டும். பெண்களுக்கும், நிலமில்லாத உழைப்பாளிகளுக்கும் இதில் இடமில்லை. 'அன்றே மக்களாட்சி' என்று மார்தட்டுபவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆனாலும் ஒரு விதி இன்றைக்கும் அசர வைக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் மறுபடி குடத்துக்குள் போகாது. அவருக்கு மட்டுமல்ல, அவருடைய சித்தி, பெரியம்மா, அத்தை பிள்ளைகள், தாய்மாமன், மாமனார், மைத்துனர், மருமகன் என உறவுக்கே தடை! தான் ஒதுங்கி மச்சானை நிறுத்தும் வழியையும் அடைத்துவிட்டார்கள்.

919-ல் போட்ட விதியை இரண்டே வருடத்தில் திருத்தியிருக்கிறார்கள். முதலில் 30 முதல் 60 வயது என்றிருந்தது, 921-ல் 35 முதல் 70 ஆனது. இரண்டு கூட்டத்திலும் அரசனின் அதிகாரி உடன் இருந்திருக்கிறார். முதல் முறை வந்தவர் தத்தனூர் மூவேந்தவேளான்.

1898-ல் கல்வெட்டுத் துறையினர் இவற்றைப் படியெடுத்த பிறகுதான் வெளியுலகம் இந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது. இன்று கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஏரி வாரியம் காத்த வைரமேக தடாகமும் உத்திரமேரூர் ஏரியாக இன்னமும் இருக்கிறது.