மதுவமும் கிளிசரோலும்: ஒட்சிசன் ஏன் தேவை?

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ பேக்கரியொன்றில் பாணுக்குப் பிசைந்து வைத்த கோதுமை மா பொங்கி எழுவதைக் கண்டிருப்பீர்கள். அங்கு ‘ஈஸ்ட்’ எனப்படுவதே உங்கள் பாடத்தில் வரும் மதுவம். இது ஒரு கலத்தாலான பங்கசு. வெல்லத்தை உடைத்து இது வெளிவிடும் காபனீரொட்சைட்டு வாயுவே மாவைப் பொங்கச் செய்கிறது. கூடவே உண்டாகும் அற்ககோலின் பெரும்பகுதி போறணையின் சூட்டில் ஆவியாகிவிடும்.

சீனிக்குப் பதிலாகக் கிளிசரோலைக் கொடுத்தால் என்ன நடக்கும்? கிளிசரோலும் இனிப்பானதே. ஆயினும் ஒட்சிசன் இல்லாத இடத்தில் பேக்கரி மதுவத்தால் அதை நொதிக்கச் செய்ய முடியாது. இதன் காரணத்தை விளங்கிக்கொண்டால் சுவாசம் பற்றிய பாடம் முழுவதும் தெளிவாகும்.

1. கிளிசரோல் என்றால் என்ன?

மருந்துக் கடையில் கிளிசரின் என்ற பெயரில் கிடைக்கும் திரவம் இதுவே. தேங்காயெண்ணெய் போன்ற இலிப்பிட்டுகளின் மூலக்கூறில் ஒரு கிளிசரோலும் மூன்று கொழுப்பமிலங்களும் இணைந்துள்ளன. எண்ணெயிலிருந்து சவர்க்காரம் செய்யும்போது கிளிசரோல் பக்க விளைபொருளாகக் கிடைக்கும்.

2. மதுவத்தின் இருவகைச் சுவாசம்

காற்றிற் சுவாசம்:
குளுக்கோசு + ஒட்சிசன் → காபனீரொட்சைட்டு + நீர் + சக்தி (அதிகம்)

காற்றின்றிய சுவாசம்:
குளுக்கோசு → எதைல் அற்ககோல் + காபனீரொட்சைட்டு + சக்தி (குறைவு)

3. ஐதரசன் கணக்கு

குளுக்கோசு மூலக்கூறில் காபன் 6, ஐதரசன் 12, ஒட்சிசன் 6 அணுக்கள் உள்ளன. இதில் சரிபாதி காபன் 3, ஐதரசன் 6, ஒட்சிசன் 3 ஆகும். இது ஓர் அற்ககோல் மூலக்கூறாகவும் ஒரு காபனீரொட்சைட்டு மூலக்கூறாகவும் மிச்சமின்றிப் பிரியும்.

கிளிசரோலில் காபன் 3, ஐதரசன் 8, ஒட்சிசன் 3 உள்ளன. இதையும் அவ்வாறே பிரித்துப் பாருங்கள். 2 ஐதரசன் அணுக்கள் மிஞ்சும். இவற்றை ஏற்பதற்கு ஒரு பொருள் வேண்டும். அதுவே ஒட்சிசன்; ஐதரசனை ஏற்று நீராகிறது. ஒட்சிசன் இல்லையேல் மிச்ச ஐதரசன் தேங்கும், தாக்கம் நின்றுவிடும்.

இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். வெல்லத்தை நொதிக்கச் செய்யும்போது மிகையாகும் ஐதரசனைக் கழிக்க மதுவம் தானே சிறிதளவு கிளிசரோலை உண்டாக்குகிறது. நொதித்த கரைசலில் கிளிசரோல் இருப்பதை லூயி பாஸ்டர் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டறிந்தார்.

4. கலத்தினுள் நடப்பது

(அ) குழியவுருவில், கிளிசரோலுடன் பொசுபேற்று சேர்க்கப்படும்.
(ஆ) இழைமணியில், அதிலிருந்து 2 ஐதரசன் அகற்றப்படும்.
(இ) இப்போது கிடைக்கும் 3 காபன் கொண்ட பொருள், குளுக்கோசு உடையும் பாதையிலும் தோன்றும் ஒன்றே. இதன் பின் இரண்டுக்கும் ஒரே பாதை.

குளுக்கோசும் கிளிசரோலும் சேர்ந்திருந்தால் மதுவம் முதலில் குளுக்கோசையே பயன்படுத்தும்.

5. இதற்குச் சான்று

1949இல் பாரிஸ் நகரில் பொரிஸ் எப்ருசியும் அவரது குழுவினரும் மிகச் சிறிய கூட்டங்களாக வளரும் மதுவத்தை ஆராய்ந்தனர். இவற்றின் இழைமணிகள் பழுதுற்றவை. இத்தகைய மதுவம் குளுக்கோசில் மெதுவாக வளரும். கிளிசரோலில் வளரவே வளராது. இன்றும் மதுவத்தின் இழைமணி சீராக உள்ளதா என அறிய அதைக் கிளிசரோலில் வளர்த்துப் பார்க்கின்றனர்.

6. மாதிரி வினா

கொதிக்க வைத்து ஆறிய இளஞ்சூட்டு நீர் கொண்ட மூன்று போத்தல்களில் மதுவம் இடப்பட்டது. அ இல் சீனியும் ஆ இல் கிளிசரோலும் சேர்க்கப்பட்டன. இ இல் எதுவும் சேர்க்கப்படவில்லை. நீரின் மேல் எண்ணெய்ப் படையிட்டு, வாயில் பலூன் கட்டப்பட்டது.

(i) எப்பலூன் நன்கு ஊதும்?
(ii) நீரைக் கொதிக்க வைத்ததும் எண்ணெய் இட்டதும் ஏன்?
(iii) இ எதற்கு?

விடை:
(i) அ.
(ii) கரைந்துள்ள ஒட்சிசனை அகற்றவும், அது மீண்டும் நீரினுள் செல்வதைத் தடுக்கவும்.
(iii) கட்டுப்பாட்டுப் பரிசோதனையாக. மதுவக் கலங்களில் சேமிப்பாக உள்ள காபோவைதரேற்றிலிருந்தும் சிறிது வாயு வரலாம். இ உடன் ஒப்பிட்டே ஆ பற்றி முடிவு கூற வேண்டும்.

கவனிக்க: “மதுவம் கிளிசரோலைப் பயன்படுத்தாது” என எழுதினால் பிழை. “ஒட்சிசன் உள்ளபோது மட்டும் பயன்படுத்தும்” என்பதே சரி. பாதையின் படிகளை மனனம் செய்யாவிடினும் ஐதரசன் கணக்கை ஒருமுறை நீங்களே எழுதிப் பாருங்கள்.