உங்களுக்குத் தெரியுமா? லாரி அலைந்தால் அடியில் பாருங்கள்

கல்லணை–பூம்புகார் சாலையில் திருக்காட்டுப்பள்ளி வழியாக நெல் மூட்டை ஏற்றிச் செல்லும் பழைய லாரி, நேராகப் போகாமல் அலைகிறதா? சக்கரம் திரும்பாமல் ஸ்டியரிங் வீல் மட்டும் ஆடும் வெற்றாட்டம் காரணமாக இருக்கலாம்; அது 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆவது விதி.

பலரும் முதலில் ஸ்டியரிங் பாக்ஸ் ஸ்குரூவை முறுக்குவார்கள். அவசரப் புத்தி! தேய்மானம் வேறெங்காவது இருந்தால் ஆட்டம் போகாது. பாக்ஸ் இறுகி, வளைவில் திரும்பிய வீல் தானாக நேராவதும் கெடும்.

கண்டுபிடிக்க இரண்டு பேர் போதும். சமதரையில் நிறுத்திய வண்டியில் டிரைவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்ட, கிளீனர் அடியில் டிராக் லிங்க், டை ராடு மூட்டுகளைக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் அசைந்து, மறுபக்கம் அசையாமல் நிற்கும் மூட்டுதான் தேய்ந்தது.

அடுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் கோளாறு வீல் பேரிங்கில். நிற்காவிட்டால் பெரும்பாலும் கிங் பின்னில்.

முன் டயரில் காற்றுக் குறைந்தாலும் வண்டி இப்படியே அலையும். எனவே சோதனையை அங்கிருந்து தொடங்குவதே சிக்கனம்.