பம்பாயில் ஒன்றரை ஆண்டு, ஹார்ட்டில்பூலில் பத்தாண்டு

திருகோணமலையின் பெயரைச் சுமந்த ஒரு கப்பல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், ஹார்ட்டில்பூல் ஊரின் பழைய துறையில் மிதந்துகொண்டிருக்கிறது. பெயர் எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. பம்பாயில் 1816-இல் ஏரா என்னும் அடிமரம் போட்டு, 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கினார்கள். கட்டி முடிக்க ஏறத்தாழ ஒன்றரை ஆண்டும் 23,000 பவுண்டும் ஆயின. பின்னாளில் அதே கப்பலைப் பழைய கோலத்துக்குத் திருப்பப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. செலவு ஒரு கோடி பவுண்டைத் தாண்டியது.

பணத்தின் மதிப்பு மாறியதைத் தள்ளிவிடலாம். காலக் கணக்குதான் யோசிக்க வைக்கிறது. புதிதாகக் கட்டுகிறவர் முன்னால் கிடப்பது வெறும் மரம். அளப்பார், அறுப்பார், பொருத்துவார். பழையதைச் செப்பனிடுகிறவரோ ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியே முடிவெடுக்க வேண்டும். இது நிலைக்குமா, பாதியை வெட்டிவிட்டுப் புதுத்துண்டு ஒட்டலாமா, முழுதும் போக வேண்டியதுதானா? அவசரப்பட்டுக் கழற்றிய மரத்தைத் திரும்பப் பெற வழியில்லை.

இங்கிலாந்தின் போர்க்கப்பலைப் பம்பாயில் கட்டியதற்குக் காரணம் மரம். நெப்போலியனுடன் நடந்த நீண்ட போர், ஆங்கிலேயரின் ஓக் காடுகளைத் தின்று தீர்த்திருந்தது. மலபார்க் கரையில் தேக்கு இருந்தது. பம்பாயில் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டிய பார்சிக் குடும்பமான வாடியாக்கள் இருந்தார்கள். ஓக் மரத்தின் அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய் அதைக் காக்கும். தலைமைக் கட்டுநர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா, தம் சமய வழக்கப்படி, கப்பலின் நலனுக்காக ஏராவில் ஒரு வெள்ளி ஆணியை அடித்தார். இங்கிலாந்து அரசின் கப்பலுக்கு முதல் மங்கலச் சடங்கு பார்சி முறையில் நடந்தது.

இந்தக் கப்பலின் வரைபடம் முதல் தடவை பம்பாய்க்கு வந்து சேரவில்லை. அதைக் கொண்டுவந்த எச்.எம்.எஸ். ஜாவாவை 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கப் போர்க்கப்பல் கான்ஸ்டிடியூஷன் தோற்கடித்தது. மறுபடி வரைபடம் அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தக் கான்ஸ்டிடியூஷனும் இன்று பாஸ்டனில் மிதக்கிறது, இதுபோலவே பார்வையாளரை ஏற்றிக்கொண்டு. ஒரு கப்பலின் வரைபடத்தைக் கடலுக்குக் கொடுத்த கப்பலும், அதையும் மீறிப் பிறந்த கப்பலும் ஒரே தொழிலுக்கு வந்து சேர்ந்திருப்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

டிரிங்கோமலி முதல் பயணத்தில் 1819 ஜனவரியில் செயின்ட் ஹெலினாவில் ஆறு நாள் நின்றது. நெப்போலியன் அப்போது அந்தத் தீவில்தான் சிறையிருந்தார். அவருக்கு வைத்தியம் பார்த்த ஜான் ஸ்டோக்கோ என்ற மருத்துவரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, ஏப்ரல் 30-இல் போர்ட்ஸ்மத் சேர்ந்தது. போர் முடிந்து நாளாகிவிட்டிருந்தது. யாருக்கு எதிராகக் கட்டத் திட்டமிட்டார்களோ அவரே கைதியான பின் இதற்கு என்ன வேலை? 1847 வரை, இருபத்தெட்டு ஆண்டுகள், துறையில் சும்மா கிடந்தது. இடையில் 1845-இல் பீரங்கிகளின் எண்ணிக்கையைக் குறைத்து வலுவைக் கூட்டினார்கள். பின்புறத்தின் வடிவத்தையும் மாற்றினார்கள். பிறகு வட அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள், பசிபிக் என்று 1857 வரை இரண்டு தவணை ஓடியது. அடிமை வாணிபத்தைத் தடுக்கும் ரோந்தும் அதில் அடக்கம்.

அதற்குள் நீராவி வந்துவிட்டது. பாய்மரப் போர்க்கப்பலுக்கு மிஞ்சியது பயிற்சி வேலை. 1862 முதல் 1877 வரை அது பயிற்சிக் கப்பலாக நின்ற இடம் மேற்கு ஹார்ட்டில்பூல். இன்று அருங்காட்சியகமாக நிற்பதும் ஹார்ட்டில்பூல்தான். அன்று அந்தத் துறையில் கப்பல் கட்டும் தளங்கள் சத்தமிட்டுக்கொண்டிருந்தன. நிலக்கரியும் மரமும் ஏறி இறங்கின. இன்று அதைச் சுற்றியிருப்பது 1990-களில் 18-ஆம் நூற்றாண்டுத் துறைமுகத் தெருவைப் போல எழுப்பிய கடை முகப்புகள். அன்று பழமையானது கப்பல், புதியது ஊர். இப்போது ஊரையும் பழமையாகக் கட்டித்தர வேண்டியிருக்கிறது.

1897 மே மாதம் கப்பலை உடைப்பதற்கென்று விற்றார்கள். ஒரு மாதம் கழித்து, நெல்சன் காலத்து ஃபூட்ராயன்ட் என்ற கப்பல் பிளாக்பூல் கரையில் புயலில் சிக்கி நொறுங்கியது. அதை இளைஞர் பயிற்சிக்கென வைத்திருந்த ஜெஃப்ரி வீட்லி காப், மாற்றுக் கப்பல் தேடினார்; உடைப்பவர்களிடம் டிரிங்கோமலி இருந்தது. உடைப்பவர்கள் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு விஷயமே இல்லை. வாங்கி, செப்பனிட்டு, தொலைந்த கப்பலின் பெயரையே இதற்கு வைத்தார்.

ஃபூட்ராயன்ட் என்ற பெயரில் அது 1986 வரை, ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டு வாழ்ந்தது. முதலில் ஃபால்மத், பிறகு போர்ட்ஸ்மத். இளைஞர்கள் தங்கினார்கள், படகு விடவும் கயிறு முடியவும் கற்றார்கள், விடுமுறையைக் கழித்தார்கள். பக்கத்தில் துணைக்கு நின்ற இம்ப்ளாக்கபிள், டிரஃபால்கர் போரில் பிரெஞ்சுத் தரப்பில் இருந்து பின் பிடிபட்ட கப்பல். 1949 டிசம்பரில், பராமரிக்கப் பணமில்லை என்று, இரு நாட்டுக் கொடிகளையும் ஏற்றி அதை ஆங்கிலக் கால்வாயில் மூழ்கடித்தார்கள். பழைய கப்பலைக் கரையில் காக்கும் எண்ணம் பிரிட்டனில் வலுத்ததற்கு அந்த இழப்பும் ஒரு காரணம்.

ஹார்ட்டில்பூலுக்கு மறுபடி வந்தது 1987-இல். அந்த ஊரின் கடைசிக் கப்பல் கட்டுந்தளம் 1960-களின் தொடக்கத்திலேயே மூடப்பட்டுவிட்டது. ஆனால் 1979 முதல் எட்டாண்டு, வாரியர் என்ற இரும்புப் போர்க்கப்பலை அங்கே புதுப்பித்தார்கள். 1987 ஜூனில் அது போர்ட்ஸ்மத்துக்குப் போய்விட, கை தேர்ந்த தொழிலாளர்களுக்கு வேலையில்லை. அந்த இடைவெளியில் வந்தது இந்தக் கப்பல். வங்குகள் எனும் விலா மரங்கள், மேல்தளப் பலகைகள், இடுக்கடைக்கும் கலப்பத்து, பாய்மரம், பாய் தாங்கும் பருமல், நூற்றுக்கணக்கான கயிறுகள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 2001-இல் முடிந்தபோது, தேக்கு உடலில் பெரும்பகுதி பம்பாயில் பொருத்திய அதே மரமாகவே இருந்தது. மாற்றாக ஒரு புதுக் கப்பலைச் செய்திருந்தால் செலவு குறைந்திருக்கலாம். யாரும் பார்க்க வந்திருக்க மாட்டார்கள்.

அணியம் என்னும் முன்முனையின் கீழே தலைப்பாகை கட்டிய ஒரு மனிதனின் உருவம் துருத்திக்கொண்டு நிற்கிறது. திருகோணமலைக்காரர் ஒருவரைக் குறிக்கத்தான் அதைச் செதுக்கினார்கள். மீசையும் தலைப்பாகையுமாக, கிழக்கு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று போர்ட்ஸ்மத் சிற்பி எண்ணிய முகம் அது. கோணேசர் கோவிலடியிலோ கடற்கரை மீன் வாடியிலோ அந்த ஆளை எவரும் தம்மூரார் என்று அடையாளம் காண்பது கடினம். வாடியாவின் சாயலும் அதில் இல்லை.

இன்று மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதுவே மூத்தது. எச்.எம்.எஸ். விக்டரி வயதில் பெரியது என்றாலும் உலர்துறையில் தாங்குமரங்கள் மேல் இருக்கிறது. இதே வகுப்பில் 1824-இல் இறங்கிய யூனிகார்ன், ஸ்காட்லாந்தின் டண்டீயில், பாய்மரமே காணாமல் கூரை போட்ட நிலையில் நிற்கிறது. ஓடாததால் உடல் அதிகம் தேயவில்லை. டிரிங்கோமலி பார்க்க அழகு, யூனிகார்ன் ஆராய்ச்சிக்குப் பொருள். எது சரியான காப்பு என்று கேட்டால், கப்பல் அறிந்தவர்களே இரண்டு பக்கமும் நிற்பார்கள்.

எனக்குக் குறை வேறு. டிரிங்கோமலி கடற்படைக்காகக் கடலில் ஓடியது பத்தாண்டுக்கும் குறைவு. ஃபூட்ராயன்டாக இளையோரைத் தாங்கியது ஏறத்தாழ தொண்ணூறு. 1992-இல் பழைய பெயரைத் திருப்பிச் சூட்டி, புதுப்பித்தவர்கள் மீட்டது அந்தச் சிறிய பத்தாண்டின் கோலத்தைத்தான். பீரங்கித் தளம் பீரங்கித் தளமாகவே இருக்கிறது. அதே தளத்தில் தூங்கி எழுந்த பிள்ளைகளுக்காகப் பிற்காலத்தில் போட்ட தடுப்புகளும் வசதிகளும் கழற்றப்பட வேண்டியிருந்தன. போர்க்கப்பல் முழுமையாகக் கிடைக்க அதுதான் வழி, மறுக்கவில்லை. ஆனால் உடைப்பவர் கையிலிருந்து அதை மீட்டது பீரங்கி அல்ல, அந்தப் பயிற்சிப் பள்ளிதான்.