வலைப் பகுப்பாய்வு நிரலில் எழுத்துக் குறியாக்கச் சிக்கல்

வலைத்தளமொன்றின் வருகைகளைப் பதியும் பின்தொடர் நிரல், பக்கத் தலைப்பு, முகவரி, தேடுசொல் முதலியவற்றைப் பகுப்பாய்வு வழங்கிக்கு அனுப்பும்போது அவற்றின் எழுத்துக்கள் சிதைவதே எழுத்துக் குறியாக்கச் சிக்கல் எனப்படுகிறது. ஆங்கிலத் தளங்களில் இது அரிதாகவே புலப்படும். ஆசுக்கி எழுத்துக்கள் பெரும்பாலான குறியாக்கங்களில் ஒரே எண்களைக் கொண்டுள்ளமையே காரணம். தமிழ், உருசியம், சப்பானியம் முதலிய மொழித் தளங்களில் அறிக்கை முழுவதும் படிக்க இயலாததாகிவிடக்கூடும்.

காரணங்கள்

தரவு பெரும்பாலும் உரலியின் வினவற்பகுதியில் அனுப்பப்படுகிறது. அங்கு ஆசுக்கி அல்லாத ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் இரு பதினறும இலக்கங்களாக எழுதப்படும். ஒருங்குறியில் 2949 ஆம் எண்ணைக் கொண்ட 'அ', யூ.டி.எஃப்-8 முறையில் 224, 174, 133 என்னும் மூன்று பைட்டுகளாகிறது. யாவாசிகிரிப்ட்டின் பழைய 'எசுகேப்' செயற்கூறு இவ்வாறு செய்யாமல், விழுக்காட்டுக் குறிக்குப் பின் 'யூ' எழுத்தையும் நான்கு இலக்கங்களையும் இடுகிறது. இவ்வடிவம் உரலிச் சீர்தரத்தில் இல்லை. பல வழங்கிகள் இதனை அறியா. 1999 இல் சீர்தரத்தில் இடம்பெற்ற 'என்கோடு யூ.ஆர்.ஐ. கம்பொனன்ட்' செயற்கூறே இதற்கு உரியது.

நிரற்கோப்பு யூ.டி.எஃப்-8 இலும் பக்கம் வேறு குறியாக்கத்திலும் இருப்பது மற்றொரு காரணம். வழங்கியின் தலைப்புரை குறியாக்கத்தைக் குறிப்பிடாவிடில், உலாவி பொதுவாகப் பக்கத்தின் குறியாக்கத்தையே கோப்பிற்கும் கொள்ளும்.

அறிகுறிகளும் ஆய்வும்

சிதைவின் தோற்றமே பெரும்பாலும் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். தமிழ் எழுத்துக்கள் அனைத்தின் முதற் பைட்டு 224. இரண்டாவது 174 அல்லது 175. எனவே அழுத்தக்குறியுடைய இலத்தீன் எழுத்தும் '®' குறியும் மீண்டும் மீண்டும் வந்தால், யூ.டி.எஃப்-8 உரை விண்டோசு-1252 எனத் தவறாகப் படிக்கப்பட்டுள்ளது எனலாம். '%25' மிகுந்திருந்தால் இருமுறை குறியாக்கம் நிகழ்ந்துள்ளது. 37 ஆம் எண்ணுடைய விழுக்காட்டுக் குறியே மீண்டும் மாற்றப்பட்டுள்ளது. '&#2949;' போன்ற வடிவம், தமிழைக் கொள்ளாத குறியாக்கத்திலுள்ள பக்கத்தின் படிவத்திலிருந்து வந்திருக்கக்கூடும்.

பிழை எப்பக்கம் என அறிய, உலாவியின் உருவாக்குநர் கருவியில் வெளிச்செல்லும் கோரிக்கையை நோக்க வேண்டும். அங்கு மூன்று பைட்டுகளும் சரியாக இருப்பின், பிழை பெறும் பக்கத்தில் உள்ளது. அறிக்கையை மட்டும் பார்த்து நிரலைத் திருத்துவது வீண்வேலை.

மீட்பு

தவறாகப் படிக்கப்பட்ட உரையைத் தலைகீழாக மாற்றி மீட்கலாம். ஆயினும் விண்டோசு-1252 இல் 129, 141, 143, 144, 157 ஆகிய எண்களுக்கு எழுத்து வரையறுக்கப்படவில்லை. புள்ளியின் இறுதிப் பைட்டு 141, உகரக் குறியினது 129. 'ஏ' 143 இலும் 'ஐ' 144 இலும் முடிகின்றன. சில மாற்றிகள் இவற்றைக் கைவிட்டுவிடுவதால், மீட்ட தமிழில் புள்ளியும் உகரமும் காணாமற்போகும். கேள்விக்குறியாகப் பதிவான எழுத்துக்களுக்கோ மீட்பே இல்லை.

நீளமும் கருதத்தக்கது. 'தமிழ்' என்னும் சொல் உரலியில் 45 குறிகளாகிறது. நீள வரம்பால் இடையில் வெட்டுப்படின், எஞ்சிய அரைகுறைத் தொடரை மறைநீக்கும் செயற்கூறு பிழை காட்டி நின்றுவிடும். ஆகவே உரையைக் குறியாக்கத்திற்கு முன்பே சுருக்குதல் நன்று.