பெடரல் கோர்ட்டின் நீதிபதிகள்

நெய்வேலி நகரியத்து மாணவர் சிலரோடு நான் உரையாடிக்கொண்டிருந்தபோது, “சுப்ரீம் கோர்ட்டுக்கு முன்பு டில்லியில் எந்த நீதிமன்றம் இருந்தது?” என்று ஒருவர் வினவினார்.

இருந்தது பெடரல் கோர்ட்டு. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தின்படி, 1937 அக்டோபர் 1-ஆம் நாள் அது தோன்றிற்று. பிரதம நீதிபதி மாரிஸ் குவையர். உடன் அமர்ந்தோர் சுலைமானும் ஜயகரும். ஆக மூவரே! சென்னை ஹைகோர்ட்டு நீதிபதியாயிருந்த எஸ். வரதாச்சாரியார் 1939-இல் அங்குச் சென்றார்.

1943 ஏப்ரலில் கேசவ தல்படே வழக்கு வந்தது. விசாரணையின்றிக் காவலில் வைக்க இடந்தந்த இந்தியப் பாதுகாப்பு விதி 26, தாய்ச்சட்டம் அளித்த அதிகாரத்தை மீறியது. ஆகவே செல்லாது என்று குவையர், வரதாச்சாரியார், ஜபருல்லா கான் மூவரும் தீர்ப்பளித்தனர். காலமோ யுத்த காலம்; ‘வெள்ளையனே வெளியேறு’ கிளர்ச்சியில் பல்லாயிரவர் சிறையிலிருந்தனர். அரசாங்கம் அமர்த்திய நீதிபதிகளே இவ்வாறு கூறியது சிறு செயலன்று. சர்க்காரும் வாளாவிருக்கவில்லை, சில நாட்களுக்குள் அவசரச் சட்டமொன்றால் ஓட்டையை அடைத்துக்கொண்டது.

குவையர் ஓய்வுபெறவே, வரதாச்சாரியார் தற்காலிகப் பிரதம நீதிபதியானார். அவர் தலைமையில் ஜூன் 4 அன்று, தனிக் குற்றவியல் நீதிமன்றங்களை நிறுவிய 1942-ஆம் ஆண்டு அவசரச் சட்டமும் வீழ்ந்தது. இலண்டன் பிரிவி கவுன்சில் பின்னர் அம்முடிவை மாற்றிவிட்டது என்பது வேறு கதை.

1950 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு அவ்விடத்தைப் பெற்றது. பெடரல் கோர்ட்டில் அமர்ந்திருந்த மற்றொரு சென்னை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, 1951-இல் அதன் பிரதம நீதிபதியானார்.